வேலூருக்குக் குடிவந்தவர்கள் நட்பில் கோட்டைவிடும் இடங்கள்

வேலூரில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "ஆஸ்பத்திரிக்கா, காலேஜுக்கா?" என்பதுதான். மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு: "கவர்மென்ட் வேலைங்க, டிரான்ஸ்ஃபர்ல வந்திருக்கேன்." எதைச் சொன்னாலும் வீட்டுக்காரர் மனதில் ஓடுவது ஒன்றே: இவர் எத்தனை வருஷம் இருப்பார்?

கேள்வியில் தப்பில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் வங்காள மொழியில் போர்டு தொங்கும். 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது வி.ஐ.டி.; அதனால் காட்பாடிப் பக்கம் ஆண்டுதோறும் ஒரு புதுக் கூட்டம் வந்திறங்கும், ஒரு பழைய கூட்டம் மூட்டை கட்டும். வந்து போகிறவர்களைப் பார்த்தே பழகிய ஊர் இது. இங்குள்ளவர்கள் முகம் கொடுத்துப் பேசுவார்கள், வழி சொல்வார்கள், ஆட்டோ பிடித்தும் கொடுப்பார்கள். ஆனால் நெருங்கக் கொஞ்சம் காலம் எடுத்துக்கொள்வார்கள். "வேலூர்க்காரங்க ஒட்டவே மாட்டாங்க" என்று புலம்புகிற பலர், தாங்களே நாளைக்குக் கிளம்பப்போகிறவர் மாதிரி நடந்துகொள்வதைக் கவனிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஆனால் காட்பாடி

பெரிய தவறு இதுதான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காட்பாடி ஜங்ஷனில் முதுகுப் பையோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் புரியும். சென்னைக்கு 130 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம். பெங்களூருக்குச் சாலைவழியில் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு வசதி இருந்தால் யாருக்குத்தான் கால் நிற்கும்? திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பி, நேராக வேலைக்குப் போய், வியாழக்கிழமை இரவு தனியாகப் பரோட்டா சாப்பிடும்போதுதான் "இந்த ஊர்ல எனக்கு யாருமே இல்ல" என்று தோன்றும்.

இருக்கவேண்டிய நேரத்தில் நீங்கள் இல்லையே. கோட்டை மைதானத்துக் கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி, "சும்மா அமிர்தி ஃபாரஸ்ட் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா" என்ற அழைப்பு, காதுகுத்து, நிச்சயதார்த்தம், சர்ச் முடிந்து வாசலில் நின்று பேசுவது எல்லாம் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் நடக்கும்.

கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்காக அவர் கேட்டறிந்தவர்களில் ஒரு பகுதியினர், ஊர் மாறி வந்து ஆறு மாதத்துக்குள் ஆனவர்கள். முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல் என்று அவர் சொல்கிறார். ஒரே அலுவலகத்தில் சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேர்த்தி இல்லை. சும்மா சேர்ந்து திரிந்த நேரம்தான் கணக்கு. வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரோடு கழித்தால் முதல் 50-க்கே ஆறு மாதம் ஆகும். பாதி வாரம் ஊரிலேயே இல்லாதவருக்கு ஒரு வருஷம். இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது மாதமே "யாரும் செட் ஆகல" என்று முடிவுகட்டுவது எவ்வளவு அவசரம் என்பது விளங்கும்.

பெற்றோரைப் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு வாரக் கடைசியையாவது வேலூருக்குக் கொடுங்கள். அதைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லியும் வையுங்கள்: "இந்த ஞாயிறு இங்கதான்ணா இருப்பேன்." கூப்பிட நினைப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும் அல்லவா?

தினமும் ஒரு இடம், தினமும் ஒரு நேரம்

சி.எம்.சி. குவார்ட்டர்ஸ், காலேஜ் வளாகம், பேங்க் கூட்டம், மதுரைக்காரர் குரூப், மலையாளிகள் குரூப் என்று வந்தவுடனேயே ஒரு வட்டம் கிடைத்துவிடும். ஆரம்பத்தில் அது தேவைதான். ஜுரம் வந்தால் கஞ்சி கொடுக்க யாராவது வேண்டும். ஆனால் அந்த வட்டத்தில் இருப்பவர்களும் உங்களைப் போலவே போகப்போகிறவர்கள். இரண்டு வருஷத்தில் நான்கு பேருக்கு அடுத்தடுத்து மாற்றல் வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வட்டத்துக்கு வெளியே வர முயற்சி செய்கிறவர்களும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். இன்று கோட்டையில் வாக்கிங், நாளை ஜிம், அப்புறம் ஒரு வாரம் எதுவும் இல்லை. ஒருவர் கண்ணிலும் இரண்டு தடவை படமாட்டார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பு ஒன்றை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்து 1950-இல் எழுதினார்கள். அங்கே நட்பைத் தீர்மானித்ததில் குணப்பொருத்தத்தைவிட யார் வீடு யார் வீட்டுக்குப் பக்கத்தில் என்பது பெரிதாக இருந்தது. மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள். போக வர எதிர்ப்படுகிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

கோட்டை அகழியை ஒட்டிக் காலையில் நடக்கிறவர்களில் பலர் வருஷக்கணக்காக அதே நேரத்துக்கு வருகிறவர்கள். ஐந்தே முக்கால் கூட்டம் வேறு, ஆறரைக் கூட்டம் வேறு. எதிலாவது ஒன்றில் நின்றுவிடுங்கள். முதல் மாதம் தலையாட்டல், அப்புறம் "இன்னா சார், நேத்து காணோம்?" வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நேதாஜி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குவதும் அப்படித்தான், ஒரே கடை. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றிக் கேட்டால் கடைக்காரம்மா பத்து நிமிஷம் பேசக்கூடும், கூடவே குழம்பு வைக்கும் பக்குவமும் சொல்லக்கூடும்.

கணவர் வேலைக்காக வந்த பெண்கள் பலர், கணவருடைய நண்பர்களின் மனைவிகளே தமக்கும் தோழிகள் என்று நின்றுவிடுகிறார்கள். அது கணவரின் மாற்றல் உத்தரவோடு முடிந்துபோகும் நட்பு. பிள்ளைகளின் பள்ளிவாசல், தையல் வகுப்பு, மொட்டை மாடியில் வடாம் போடும் பக்கத்து வீட்டு அக்கா இவையெல்லாம் உங்களுக்கே உங்களுக்கென்று கிடைப்பவை.

"எங்க ஊர்ல..."

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்யும் சொலவடை ஒன்று உண்டு. வந்த ஒரு மாதத்தில் யாராவது இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். உடனே புதியவர் அதை ஊர்க்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் எடுத்துவிடுவார். சிரிப்பு வராது. இந்தக் கிண்டலைச் செய்யும் உரிமை இந்த வெயிலில் வளர்ந்தவர்களுக்குத்தான் உண்டு. போதாக்குறைக்கு அது பழசாகியும் போயிற்று. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் லிங்கம் திரும்ப வைக்கப்பட்டு வழிபாடு நடக்கிறது. 2021 நவம்பர் மழையில் பாலாறு கரைபுரண்டதை நேரில் பார்த்தவரிடம் போய்த் தண்ணியில்லாத ஆறு என்பீர்களா?

பிரியாணியிலும் இதே கதை. திண்டுக்கல்லையும் ஹைதராபாத்தையும் இழுத்து ஒப்பிடாமல், ஆம்பூர்ச் சீரகச் சம்பாவைக் கத்தரிக்காய்த் தொக்கோடு வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். (வாயை மூடினால் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.) "இன்னா", "கீது" என்று பேசுவதை அப்படியே நடித்துக் காட்டுவதும் வேண்டாம். பழகினால் உங்கள் வாயிலும் தானாக வந்துவிடும், அப்போது யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. இங்கே வீட்டில் உருது பேசுகிறவர்கள் உண்டு, தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவரிடம் "பாய், நல்லா தமிழ் பேசுறீங்களே" என்று பாராட்டுவதைக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் அதற்கப்புறம் ஒட்டிப் பேசவே இல்லை.

பத்திரிகை வைத்தால் போங்கள்

பத்திரிகை வைத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பது புதியவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளும் விஷயம். "சும்மா மரியாதைக்குக் கூப்பிட்டிருப்பாங்க, அங்க நமக்கு யாரைத் தெரியும்?" யாரையும் தெரியாததனால்தான் போக வேண்டும். மொய் எவ்வளவு எழுதுவது என்று குழம்ப வேண்டாம், கூட வேலை பார்ப்பவரைக் கேட்டால் சொல்வார். வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தீர்களா, சாப்பிட்டீர்களா என்பதைத்தான் அந்த வீட்டில் நினைவு வைத்திருப்பார்கள். ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தால் தூக்குச் சட்டியைக் காலியாகத் திருப்பித் தராதீர்கள். ஒரு கைப்பிடி முறுக்காவது இருக்கட்டும். மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் பாலாற்றங்கரையில் கூடும் கூட்டத்தைப் பார்க்க யாராவது அழைத்தால் கூடவே போய்விடுங்கள்.

முதல் சந்திப்புக்குப் பிறகு "நாம பேசினது அவருக்குப் பிடிக்கல போல" என்று பின்வாங்குகிறவர்கள் நிறைய. 2018-இல் எரிக்கா பூத்பியும் சக உளவியலாளர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமில்லாத இருவர் பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அதனால் இரண்டாவது போனை நீங்களே செய்யலாம்.

எந்தக் கேள்விக்குப் பதில், எதற்கு இல்லை

சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆயிடுச்சா, ஏன் இன்னும் குழந்தை இல்ல என்றெல்லாம் கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் வேலூருக்கென்று தனியாக வந்த வழக்கம் இல்லையே இது. சிரித்து மழுப்பிவிடலாம். "நீங்க என்ன ஆளுங்க?" என்பது வேறு ரகம். அதற்கு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலும் தோண்டுகிறவரின் நட்பு இல்லாமல் போவதில் நஷ்டம் எதுவும் இல்லை. நீங்களும் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள், சுற்றி வளைத்துக்கூட.

இரண்டாவது சந்திப்பிலேயே சீட்டு, முதலீடு, "மாசம் நல்ல வட்டி" என்று ஆரம்பிக்கிறவரிடம் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தனியாக வந்தவர்கள்தான் இதில் சுலபமாக மாட்டுகிறார்கள். 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் கோபப்பட்டால் கிளம்பிவிடலாம்.

கடைசியாக, ஏப்ரல், மே மாதங்களில் குடிவந்தவர்களுக்கு. 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டு வராவிட்டால் வருத்தப்படவும் வேண்டாம். அந்த இரண்டு மாதமும் நடமாட்டம் பெரும்பாலும் விடியற்காலையிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும்தான். பகல் முழுக்க வெறிச்சோடிக் கிடக்கும் தெருவைப் பார்த்து ஊரை எடைபோடாமல், இருட்டினதும் பெரியார் பூங்காப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.