நின்று கெட்ட ராணுவ ஜெனரேட்டரை ஓட வைப்பது எப்படி

ராணுவத்தில் கழித்துப்போட்ட டீசல் ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மணி மீட்டரைத்தான். நானும் அதைத்தான் பார்த்தேன். 312 மணி நேரம். 1994-இல் செய்த செட், இத்தனை வருஷத்தில் 312 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்றால் புதுசு மாதிரிதானே என்று பெங்களூர் சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கிற குஜிரிக் கடையில் நின்றபடியே முடிவு பண்ணிவிட்டேன். 85 ஆயிரம் ரூபாய், கிரேன் கூலி தனி. அல்சூரில் வீட்டு வாசலில் இறக்கியதும் என் மாமனார் ஒரு சுற்று சுற்றி வந்தார். "மாப்பிள்ளை, இது ஓடித் தேஞ்சது இல்லை. நின்னு கெட்டது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற" என்றார்.

அவர் மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படைப்பிரிவின் தலைமையிடம் எங்கள் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. அங்கே எல்லாரையும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், எழுபது தாண்டியும் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை. எனக்குப் பந்தல், லைட், சவுண்ட் சர்வீஸ் தொழில். ஸ்பேனர் பிடிப்பது நான், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது அவர். கீழே இருப்பதில் பாதிக்கு மேல் அவர் சொன்னது.

வாங்கும்போது பெயர்ப் பலகையைத் துடைத்துப் படியுங்கள். ராணுவத்தில் கழிக்கும் சாமான்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் இணைய ஏலம் வழியாக லாட் லாட்டாக வெளியே வரும். லாட்டை எடுத்த பெரிய வியாபாரியிடமிருந்து சின்னக் கடைக்கு வரும்போது எது என்ன செட் என்று விற்பவருக்கே தெரியாது. விமானத்துக்கு மின்சாரம் கொடுக்கிற செட் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். பேட்டரி சார்ஜ் பண்ணுகிற செட் 28 வோல்ட் டி.சி. இரண்டும் பார்க்கப் பளபளவென்று இருக்கும், நம் வீட்டு ஃபேன் ஓட்ட உதவாது. பலகையில் 50 ஹெர்ட்ஸ், 1500 ஆர்.பி.எம்., 415 வோல்ட் என்று இருக்க வேண்டும். என்னுடையது 15 கே.வி.ஏ.; பவர் ஃபேக்டர் 0.8 போக 12 கிலோவாட், பேஸுக்கு 21 ஆம்பியர். பலகையே இல்லாத செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

வந்ததும் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க கை துறுதுறுக்கும். இதற்கு முன் 2016-இல் ஒரு சின்ன செட் வாங்கி அந்தக் காரியத்தைச் செய்தவன் நான். ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு செல்ஃப் அடித்தேன். பிடித்தது. பிடித்த வேகத்தில் ஏற ஆரம்பித்தது, ஏறிக்கொண்டே போனது. ஸ்டாப் லீவரை இழுத்தேன், கேட்கவில்லை. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, சாவியைத் திருப்பினால் நிற்க. காற்றும் டீசலும் கிடைக்கிறவரை ஓடும். கோணிச் சாக்கை எடுத்து, எஞ்சின் காற்றை இழுக்கிற இன்டேக் வாயில் அடைத்தேன், சாக்கையே உள்ளே இழுக்கப் பார்த்தது. மாமனார் உள்ளே போய், சாப்பிட உட்காரும் மணைப்பலகையை எடுத்து வந்து வாயில் பொத்தி அழுத்தினார். நாலைந்து உறுமல் உறுமிவிட்டு நின்றது. என் கை அரை மணி நேரம் நடுங்கியது. அன்றிலிருந்து இன்டேக் வாயைவிடப் பெரிதாக வெட்டிய முக்கால் அங்குலப் பிளைவுட் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். உள்ளங்கையால் மட்டும் மூடப் போகாதீர்கள், கையைப் பிடித்து இழுத்துவிடும்.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. டீசல் பம்புக்குள் ராக் என்று ஒரு பல்கம்பி இருக்கிறது. அது முன்னும் பின்னும் நகர்ந்துதான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் என்று அளக்கிறது. வருஷக்கணக்கில் நின்ற பம்பில் பழைய டீசல் பிசினாகக் காய்ந்து ராக்கைப் பிடித்துக்கொள்ளும். அது முழு டீசல் பக்கம் பிடித்திருந்தால் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் இழுத்தாலும் வராது. அதனால் இந்த 15 கே.வி.ஏ. செட்டில் நான் முதலில் திறந்தது பம்பின் பக்கவாட்டு மூடியை. வெளியே ஸ்டாப் லீவர் அழகாக அசைந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ராக் அசையவே இல்லை. நடுவில் இருக்கிற ஸ்பிரிங்தான் விட்டுக்கொடுத்து நம்மை ஏமாற்றுகிறது. வெளி லீவரை நம்பாதீர்கள், ராக்கைக் கண்ணால் பாருங்கள்.

புது டீசலை ஊற்றி ஊறவிட்டு, காலை மாலை விரலால் மட்டும் மெல்ல நெம்பினேன். மூன்றாம் நாள் ஒரு நூல் அளவு நகர்ந்தது, ஐந்தாம் நாள் வெண்ணெய் மாதிரி போய்வந்தது. சுத்தியல் கூடாது. ஒரு வாரம் ஊறியும் வரவில்லை என்றால் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொடுத்துவிடுங்கள், அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். நாசில்களையும் அங்கேயே கொடுத்து அழுத்தம் பார்த்து வாங்குங்கள். 200 பார் அளவில் பீய்ச்சுகிற சாமான் அது. வீட்டில் கழற்றி வைத்துப் பீய்ச்சிப் பார்க்கிறேன் என்று விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க நேரலாம்.

நாசில்கள் கடைக்குப் போன நேரத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் நீளப் பிடி போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கனமாக ஆனால் சீராக வர வேண்டும். டக்கென்று ஓரிடத்தில் நின்றால் மேலும் அழுத்தாமல் வால்வு ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடியே துருப்பிடித்து நின்றிருந்தது. சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது வேறு.

எஞ்சின் அடியில் இருக்கிற சம்ப் ஆயிலை இறக்கும்போது நிறம் பாருங்கள். காப்பியில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டீசல் வாடை தூக்கலாக இருந்தால் டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். 15டபிள்யூ-40 ஆயிலும் புது ஃபில்டரும் போடுங்கள். ரப்பர் என்று பேர் இருக்கிற எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்: டீசல் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ஒரு பெல்ட்டை விட்டுவைத்தேன், ஓடிய இருபதாவது நிமிஷம் அது நாராகக் கிழிந்தது. ஜே.சி. ரோட்டில் பழைய பெல்ட்டைக் காட்டினால் அளவு பார்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

டேங்க்கைக் கழற்றாமல் சுத்தம் பண்ணவே முடியாது. அடியில் தேங்கிய தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளி மாதிரி படிந்திருக்கும். டேங்க்குக்குள் ஒரு முழம் இரும்புச் சங்கிலியும் இரண்டு லிட்டர் டீசலும் விட்டு, வாயை மூடி, ஊஞ்சல் ஆட்டுவதுபோல் ஆட்டுங்கள். துருவும் சளியும் சேர்ந்து வரும். தெளிவாக வருகிறவரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், நான் நாலு தடவை செய்தேன். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு ஏர் எடுக்க வேண்டும். டீசல் லைனில் துளிக் காற்று இருந்தாலும் எஞ்சின் பிடிக்காது. டேங்க்கிலிருந்து பம்ப் நோக்கி வரிசையாகப் போங்கள், நடுவில் தாவக் கூடாது. முதலில் ஃபில்டர் தலையில் இருக்கிற திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி டீசலைக் கையால் ஏற்றுகிற ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரையாக வரும். நுரை குறைந்து, குமிழ் குமிழாக வந்து, பிறகு குமிழே இல்லாமல் கெட்டியாக வழியும். அப்போது அடித்துக்கொண்டே திருகை மூடுங்கள், நிறுத்திவிட்டு மூடினால் மறுபடி காற்றை உறிஞ்சிவிடும். அடுத்து பம்பில் இருக்கிற திருகு, அதே மாதிரி. பிரைமர் கட்டைவிரலுக்குக் கல் மாதிரி கெட்டியானால் வேலை முடிந்தது. எவ்வளவு அடித்தும் குமிழ் நிற்கவில்லை என்றால் டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் போட்டிருப்பீர்கள்.

மின்சாரம் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர் பக்கம் எனக்கு அதிகம் வேலை வைத்தது. காற்று போகும் ஜாலிக்குள் எலி சிமென்ட் மூட்டைத் துணியால் கூடு கட்டி, வோல்ட்டைச் சீராக வைக்கிற ஏ.வி.ஆர். வயரைக் கடித்து வைத்திருந்தது. வைண்டிங் ஈரத்தை, இன்சுலேஷன் சோதிக்கிற மெக்கர் என்ற மீட்டரால் அளக்க வேண்டும். அதற்கு முன் ஏ.வி.ஆர். வயர்களையும் ரோட்டரில் இருக்கும் டயோடுகளையும் கழற்றிவிடுங்கள், மெக்கரின் 500 வோல்ட் பட்டால் அவை போய்விடும். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எனக்கு 0.2 காட்டியது. பெங்களூர் மழைக்காலத்தில் வெளியே கிடந்த சாமான், வேறென்ன காட்டும்? 200 வாட் குண்டு பல்பு இரண்டை உள்ளே தொங்கவிட்டு, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஈரம் வெளியேற ஒரு ஓரம் திறந்து வைத்தேன். முதல் நாள் அளவு இன்னும் இறங்கியது. பயப்படாதீர்கள், சூடு ஏறும்போது உள்ஈரம் வெளியே வருகிறது. நாலாம் நாள் 9 மெகா ஓம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ராணுவ செட் பெரும்பாலும் 24 வோல்ட் கேட்கும், அதாவது 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக. இரண்டும் ஒரே வயசாக இருக்கட்டும். ஒன்றிலிருந்து மட்டும் லைட்டுக்கு வயர் இழுத்தால் அது சீக்கிரம் சாகும், கூட இருப்பதையும் சாகடிக்கும். ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் லீவரை விட வேண்டும். பிளைவுட் கையில் இருக்கட்டும்.

எங்கள் செட் நாலாவது தடவையில் பிடித்தது, வெள்ளைப் புகை கக்கிவிட்டுச் சீரானது. ஆனால் வோல்ட் மீட்டர் பூஜ்யம். இதுவும் நின்று கெட்டதன் அடையாளம்தான். ஆல்டர்னேட்டரைக் கிளப்பிவிடுகிற எக்சைட்டரின் இரும்பில் மிச்சமிருக்க வேண்டிய காந்தம் வருஷப் போக்கில் போய்விட்டது. எஞ்சினை நிறுத்தி, எக்சைட்டர் ஃபீல்டின் இரண்டு வயரை ஏ.வி.ஆரிலிருந்து கழற்றி, 12 வோல்ட் பேட்டரியின் பிளஸை பிளஸில், மைனஸை மைனஸில் ஐந்து விநாடி தொட்டு எடுத்தேன். வயரைத் திரும்ப மாட்டி ஓட்டினால் 415 வந்துவிட்டது. லோட் இல்லாமல் 52 ஹெர்ட்ஸ் வரும்படி கவர்னரை வையுங்கள், முழு லோடில் 50-க்கு இறங்கி நிற்கும்.

வீட்டுக்கோ கடைக்கோ கொடுப்பதானால் லைன் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கிற நாலு போல் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் நடுவில் கட்டாயம். அது இல்லாமல் பிளக் வழியாகக் கரண்ட் ஏற்றினால் தெருக் கம்பத்தில் ஏறியிருக்கும் பெஸ்காம் (எங்கள் ஊர் மின் விநியோக நிறுவனம்) லைன்மேன் செத்துப்போவார். பாடிக்கு இரண்டு எர்த், நியூட்ரலுக்குத் தனி எர்த். மூடிய ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஓட ஆரம்பித்த பிறகு நான் பண்ணிய தப்பையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பந்தலில் ஹாலஜன் போட்டால் பத்துக் கிலோவாட் சுலபமாகப் போகும். இப்போது எல்லாம் எல்.இ.டி., மொத்தமே இரண்டு கிலோவாட். பன்னிரண்டு கிலோவாட் எஞ்சினுக்கு அது சும்மா ஓடுவது மாதிரி. சூடு ஏறாமல் டீசல் அரைகுறையாக எரிந்து, சைலன்சரில் கறுப்பு எண்ணெயாகச் சேர்ந்துகொண்டே வரும். சோமேஸ்வரர் கோவில் பூப்பல்லக்கு ராத்திரி, திடீரென்று பெரிய லோட் போட்டதும் செட் ஒரு தும்மல் தும்மியது. பக்கத்தில் நின்ற கமிட்டிப் பெரியவரின் வெள்ளை வேட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளி. அந்த வேட்டிக்கும் சேர்த்து பில்லில் கழித்துக்கொண்டார்கள்.

டீசல் செட்டுக்கு முப்பது சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடுவது ஆகாது. நிறுத்தியே வைப்பதும் ஆகாது. அதனால் மாதம் ஒரு தடவை, முதல் சனிக்கிழமை காலையில், ஒரு மணி நேரம் லோட் போட்டு ஓட்டுகிறேன். லோடுக்கு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய இரண்டு கிலோவாட் வாட்டர் ஹீட்டர் காயில் மூன்று, பேஸுக்கு ஒன்றாக, 200 லிட்டர் இரும்பு டிரம் தண்ணீரில். டிரம்முக்கு எர்த் உண்டு. ஆறு கிலோவாட், அதாவது பாதி லோட், டீசல் இரண்டு லிட்டர் சொச்சம். அந்த நேரத்தில் ஆயில் பிரஷர், ஹெர்ட்ஸ், ரேடியேட்டர் சூடு, எங்காவது சொட்டுகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுகிறேன். முதல் ஆயிலை 50 மணி நேரத்தில் மாற்றினேன், அதற்குப் பிறகு 250 மணிக்கு ஒரு தடவை, அல்லது வருஷத்துக்கு ஒன்று. டேங்க் எப்போதும் நிரம்பியே இருக்கும், காலி இடம் இருந்தால் அதில் காற்றின் ஈரம் தண்ணீராக இறங்கும்.

ஒரு மணி நேரத்தில் டிரம் தண்ணீர் இருபத்தைந்து டிகிரி ஏறிவிடும். பிரேக்கரை இறக்கி, எஞ்சினையும் நிறுத்தி, காயில்களை வெளியே எடுத்த பிறகுதான் யாரும் தண்ணீரில் கை வைக்கலாம். அதற்குள் மாமனார் தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, சொம்பும் சீயக்காயுமாக டிரம் பக்கத்தில் வந்து நிற்பார்.