பறக்கும் தட்டில் மூன்று நிறம்: ஓரம் கசியாமல் சாயம் ஏற்றுவது எப்படி?

நுவரெலியாப் பக்கத் தோட்டத்து மைதானத்தில் வெள்ளைப் பறக்கும் தட்டை (ஃபிரிஸ்பி) எறிந்து விளையாடுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் தட்டு கண்ணில் படாது. அதற்காகத்தான் நான் சாயம் போடத் தொடங்கினேன். முதலில் போட்டது இரண்டு இலையும் ஒரு மொட்டும், நல்ல பச்சையில். அது தேயிலைக்குள் விழுந்த பிறகு இரண்டு நாள் தேடினோம்; கடைசியில் கொழுந்து பறிக்கப்போன அக்கா ஒருவர் கண்டெடுத்துக் கொடுத்தார். ஆகவே இந்தப் பாடத்தில் பச்சை இல்லை. கறுப்பு மலை, சிவப்பு வானம், மஞ்சள் சூரியன்.

தட்டும் சாயமும்

எல்லாத் தட்டும் சாயம் பிடிக்காது. தட்டை ஒருவருக்கொருவர் எறிந்து ஆடும் அல்டிமேட் என்ற குழு விளையாட்டுக்கான 175 கிராம் தட்டுகள் பெரும்பாலும் பொலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக். அவற்றில் எவ்வளவு ஊறவைத்தாலும் மங்கலான கறைதான் மிஞ்சும். தட்டைக் கூடைக்குள் எறியும் டிஸ்க் கோல்ஃப் விளையாட்டின் தட்டுகளில் விலை கூடிய ரகங்கள், இன்னோவா நிறுவனத்தின் ஸ்டார், சாம்பியன் போன்றவை, பொலியூரித்தேன் என்ற வேறு பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தவை. அவைதான் வேண்டும். வெள்ளையாக இருந்தால் நல்லது.

சாயப் பொட்டலத்தில் பொலியெஸ்டர் துணிக்கானது என்று எழுதியிருக்க வேண்டும். நான் முதல் தடவை சந்தையில் பருத்திச் சாயம் வாங்கிவந்து அரைநாள் ஊறவைத்தேன்; குழாயில் பிடித்ததும் அத்தனையும் கழுவிப் போய்விட்டது. பொலியெஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம் வேறு இனம். தண்ணீரில் அது முழுதாகக் கரைவதில்லை. சூட்டில் பிளாஸ்டிக் சற்றே தளரும்போது உள்ளே புகுந்து, ஆறியதும் அங்கேயே அடைபட்டுவிடுகிறது. பூச்சு அல்ல என்பதால் உரியாது. பிழை விட்டால் அழியவும் அழியாது.

ஸ்டிக்கர் வெட்டுதல்

ஸ்டிக்கர் மூடிய இடத்தில் சாயம் ஏறாது, உரித்த இடத்தில் மட்டும் ஏறும்; அதுதான் வழி. பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போங்கள். "எந்த வண்டிக்குத் தம்பி?" என்று கேட்பார்கள். "வண்டிக்கு இல்லை அண்ணே, தட்டுக்கு" என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்; பரவாயில்லை. தட்டின் மேற்பரப்பு முழுவதையும் மூடும் ஒரே ஸ்டிக்கராக, மலை, வானம், சூரியன் மூன்றின் எல்லைக்கோடுகளையும் இயந்திரத்திலேயே வெட்டி வாங்குங்கள். தட்டில் ஒட்டிய பிறகு பிளேடால் வெட்ட வேண்டாம். பிளேடு பிளாஸ்டிக்கில் மெல்லிய கீறல் போடும். அந்தக் கீறல் வழியே சாயம் வாய்க்காலில் ஓடுவதுபோல ஓடிவிடும். கசிவுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒட்டுதல்

இதற்கு அரை மணி நேரம் செலவழியுங்கள். தட்டைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். அதன்பின் மேற்பரப்பில் விரல் படக்கூடாது. என் பழைய தட்டு ஒன்றில் நீல நிறத்துக்கு நடுவே என் பெருவிரல் ரேகை வெள்ளையாக, கோடு கோடாக, அச்சடித்ததுபோல இருக்கிறது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டதன் பலன்.

எங்கள் குளிரில் ஸ்டிக்கர் பசை சரியாகப் பிடிக்காது. சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தட்டின் மேல் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு ஒட்டுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். பிறகு ஒவ்வொரு எல்லைக்கோட்டின் மேலும் கரண்டியின் முதுகால் தேய்த்துக்கொண்டே போங்கள். ஓரத்தில் வெள்ளி இழைபோல ஒளி தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது என்று பொருள். அது மறையும்வரை தேய்க்க வேண்டும்.

சூடு

தண்ணீர் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் இருந்தால் போதும். அதற்கு மேலே போகப்போகத் தட்டு கோணும், பசையும் இளகும். வெப்பமானி இல்லையா? உயரமான நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிநீர் மூன்று பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் கணக்கு சரியாக வரும். பதுளைபோலத் தாழ்வான ஊர் என்றால் சரிபாதி கலந்துகொள்ளுங்கள்.

ஒரு லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி சாயம். முதலில் கொஞ்சம் சுடுநீரில் குழைத்து, துணியில் வடித்து, பிறகு கலக்குங்கள். கரையாத துகள் புள்ளியாக விழும். சிலர் வேகத்துக்காக அசிற்றோன் என்ற கரைப்பானைச் சேர்க்கிறார்கள். தொடக்கக்காரர்களுக்கு நான் வேண்டாம் என்பேன். அது ஸ்டிக்கர் பசையையும் கரைக்கும், விறகடுப்புப் பக்கத்தில் சட்டென்று தீப்பிடிக்கும். கையுறை போடுங்கள். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் இனிச் சமையலுக்கு ஆகாது.

நிறம் நிறமாக

கடும் நிறம் முதலில். மலைத் துண்டை மட்டும் உரித்துவிட்டு, அகலமான தட்டத்தில் ஒரு விரற்கடை ஆழக் கறுப்புச் சாயத்தில் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஒருபக்கமாகச் சரித்து இறக்கினால் காற்றுக்குமிழி சிக்காது. குமிழி நின்ற இடம் வெள்ளை வட்டமாகிவிடும். தட்டத்தை அடுப்பில் வைக்காமல், சுடுநீர் ஊற்றிய பெரிய பேசினுக்குள் வைத்தால் சூடு நிற்கும். இருபது நிமிடம். வெளிறியிருந்தால் இன்னும் பத்து.

எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரத்தோடு கழுவுங்கள். அவசரப்பட்டு அடுத்த துண்டை உரிக்காதீர்கள். ஓரத்தில் தேங்கிய கறுப்புத் தண்ணீர்தான் வானத்துக்குள் இறங்கும். பழந்துணியின் முனையால் எல்லா ஓரங்களையும் ஒற்றி, துணியில் நிறம் ஒட்டாத பிறகே வானத்தை உரியுங்கள், மெதுவாக, தட்டோடு படிந்தாற்போல இழுத்து. இப்போது சிவப்பு, பதினைந்து நிமிடம். மலை திறந்தே இருக்கட்டும். கறுப்பின் மேல் சிவப்பு ஏறினாலும் தெரியாது. கழுவி, ஒற்றி, சூரியனை உரித்து, மஞ்சளில் ஐந்து நிமிடம். வானம் லேசாகச் செம்மஞ்சளுக்குத் திரும்பும், அந்திக்குப் பொருத்தம்தான். வானம் நீலமாக இருந்திருந்தால் மஞ்சள் ஏறிப் பச்சையாகியிருக்கும்; அப்படிப்பட்ட சேர்க்கைக்கு, காய்ந்த நீலத்தின் மேல் புதுத் துண்டு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டே மஞ்சளுக்குப் போக வேண்டும்.

தட்டை எதிலும் சாய்த்து வைக்காமல், சமமான மேசையில் ஆறவிடுங்கள். மிஞ்சிய சாயத்தைத் தண்ணீர்ப் பீலிப் பக்கம் ஊற்ற வேண்டாம். கீழே இருக்கிறவர்கள் அதில்தான் குளிக்கிறார்கள். போத்தலில் ஊற்றிவைத்தால் மறுபடி சூடாக்கிப் பயன்படுத்தலாம். பெயரெழுதி, எட்டாத உயரத்தில் வையுங்கள். சிவப்புச் சாயம் பார்வைக்கு அசல் சர்பத் மாதிரி இருக்கிறது.