முதல் வேலைக்கு விலை சொல்வதற்கு முன்

படிப்பை முடித்த கையோடு சொந்தத் தொழிலில் இறங்கும் இளைஞர்கள், "இதற்கு எவ்வளவு ஆகும்?" என்று முதல் வாடிக்கையாளர் கேட்டதும், ஒரு மாதச் சம்பளத்தை மனத்தில் வைத்து முப்பதால் வகுத்து ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொகை கட்டுப்படியாகாது.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 5 நாள் வீதம் 52 வாரங்களுக்கு 260 நாள். விடுமுறை, நோய், குடும்பக் காரியங்கள் என 40 நாளைக் கழித்தால் மிஞ்சுவது 220. அந்த 220 நாளிலும் வாடிக்கையாளரைத் தேடுவது, விலைப்புள்ளி (வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று எழுதித் தரும் தாள்) தயாரிப்பது, பாக்கிக்காக அலைவது, கணக்கு எழுதுவது ஆகியவற்றுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள் என்பதால், தொடக்க காலத்தில் பாதி நாள் அவற்றிலேயே போய்விடும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஆக, கூலி கிடைக்கும் நாள் 110 மட்டுமே. ஓராண்டுக்கான வாழ்க்கைச் செலவு, கருவிகளின் தேய்மானம், மின்சாரம், இணையம், காப்பீடு, வரி ஆகிய அனைத்தையும் கூட்டி 110ஆல் வகுத்தால் கிடைப்பது உங்களுடைய ஒரு நாள் வேலையின் அடக்க விலை. லாபம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

விலை பேசியதும் அதை எழுத்தில் கொண்டுவாருங்கள். லோகோ வரைந்து தரும் ஒரு பெண் மூன்று நாள் வேலை என்று ஒப்புக்கொள்கிறார். நிறத்தை மாற்றச் சொல்கிறார்கள். பிறகு எழுத்துருவை மாற்றச் சொல்கிறார்கள். கடைசியில் "முதலில் அனுப்பியதே நன்றாக இருந்தது" என்கிறார்கள். வேலை முடிய ஆறு நாள் ஆகிவிட்டது, அவருடைய ஒரு நாள் கூலியோ பாதியாகிவிட்டது. "ஒரு திருத்தம் வரை இந்த விலை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்" என்ற ஒற்றை வரி இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த நட்டம் வந்திருக்காது. முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில் என்பதையும் அதே தாளில் குறித்துவிட வேண்டும். உறவினருக்குச் செய்யும் வேலையில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுதுங்கள், மனக்கசப்பு அங்கேதான் அதிகம் வருகிறது.

தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, பணம் வந்த அன்றே வரிக்கான பங்கை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று மதிப்பிட்டீர்கள், உண்மையில் எத்தனை நாள் பிடித்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஐந்தாவது விலைப்புள்ளியை அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.