இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு நாம் செய்யும் தவறுகள்

தியேட்டரை விட்டு வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் 'முதல் பாகம் மாதிரி வரவில்லை' என்று சொல்லிவிடுவது சுலபம். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அப்படி அடித்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து முதல் பாகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஞாபகத்தில் பறந்துகொண்டிருந்த படம், நடுவில் அரைமணி நேரம் நகரவே மறுத்தது. சுமாரான ஒரு காதல் காட்சி, யாரென்றே மறந்துபோன ஒரு நண்பன் கதாபாத்திரம், இரண்டு முறை விளக்கப்படும் ஒரே சதித்திட்டம். இதையெல்லாம் என் ஞாபகம் எப்போதோ வெட்டி எறிந்துவிட்டு, நல்ல நாலு காட்சிகளை மட்டும் வைத்திருந்தது. புதுப் படம் பாவம், அந்த நாலு காட்சிகளோடு போட்டி போட வேண்டியிருந்தது.

அதனால் ஆக்‌ஷன் த்ரில்லர்களின் இரண்டாம் பாகத்தை எடைபோடும்போது நடக்கும் முதல் தவறு இதுதான்: பல முறை பார்த்து, வசனம்வரை மனப்பாடமான படத்தின் ஞாபகத்தையும், ஒரே ஒரு முறை பார்த்த படத்தையும் ஒரே தராசில் வைப்பது. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள். முடியாவிட்டால், தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது, எண்ணிக்கையில் விழுவது. எத்தனை சண்டை, எத்தனை கார் பறந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு. 1982-இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் சாவு மிகமிகக் குறைவு. போரிலிருந்து திரும்பிய ஒருவனை ஒரு சிற்றூர்ப் போலீஸ் சீண்டுகிறது, அவன் காட்டுக்குள் ஓடுகிறான், கடைசியில் உடைந்துபோய் அழுகிறான். 1985-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே மனிதன் பிணங்களைக் குவிக்கிறான். 'ஆக்‌ஷன் கூடியிருக்கிறது' என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் ஆளே மாறிவிட்டான் என்பதை அந்தக் கணக்கு காட்டாது. முதல் படத்தில் அவன் துரத்தப்படுகிறவன், இரண்டாவதில் துரத்துகிறவன்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். த்ரில்லர் ஓடுவது பயத்தில். முதல் பாகத்தில் அந்தப் பயம் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கிறது, ஏனென்றால் ஹீரோவால் என்ன முடியும் என்று நமக்குத் தெரியாது. 'டை ஹார்ட்' (1988) படத்தில் கொள்ளையர்கள் பிடித்துவைத்த ஒரு கட்டடத்துக்குள் ஹீரோ செருப்பில்லாமல் மாட்டிக்கொள்கிறான். உடைந்த கண்ணாடி மேல் நடந்து, காலில் ரத்தம் வழிய உட்கார்ந்து, வாக்கி டாக்கியில் ஒரு போலீஸ்காரரிடம் தன் மனைவிக்கு மன்னிப்புச் செய்தி சொல்லி அனுப்பும்போது, இவன் பிழைக்க மாட்டானோ என்று ஒரு நொடி தோன்றிவிடும். இரண்டாம் பாகத்தில் (1990) அந்த ஒரு நொடி கிடையாது. ஒரு கட்டடம் முழுக்க இருந்த ஆட்களைச் சமாளித்தவன் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். படத்துக்கும் தெரியும், ஒரே ஆளுக்கு ஒரே மாதிரி இரண்டாவது தடவை எப்படி நடக்கும் என்று அவனே அலுத்துக்கொள்கிறான்.

ஆக, 'முதல் பாகத்தில் இருந்த படபடப்பு இல்லை' என்று குறை சொல்வது பாதிதான் சரி. அது திரும்ப வரவே வராது. அதற்குப் பதிலாக வேறு எந்தப் பயத்தை இந்தப் படம் கொண்டுவந்திருக்கிறது என்று கேட்பதுதான் நியாயம். 'டை ஹார்ட் 2' தன் ஹீரோவை விட்டுவிட்டு, எரிபொருள் தீரத்தீர வானத்தில் சுற்றும் விமானங்களில் பயத்தை வைத்துப் பார்த்தது. பாதி வெற்றி என்பேன். 'டெர்மினேட்டர் 2' இன்னும் சாமர்த்தியம். முதல் படத்தில் கொல்ல வந்த இயந்திர மனிதனின் அதே உருவத்தைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, அதைவிட ஒல்லியான, சாதாரணமாகத் தெரிகிற ஒருவனை வில்லனாக அனுப்பியது. பெரிய உடம்பைப் பார்த்துப் பயந்து பழகிய நமக்கு, அது இப்போது போதாதே என்ற பயம் வருகிறது.

வகை மாறியதைத் தரம் குறைந்ததாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) பேய்ப்படம் மாதிரி: ஒரு கப்பல், ஒரு ஜந்து, ஏழு பேர். ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' (1986) போர்ப்படம். இரண்டாவதில் பயமில்லை என்பதும், முதலாவதில் சண்டையில்லை என்பதும் ஒரே மாதிரி அபத்தம்.

வசூலை ஆதாரமாகக் காட்டும் பழக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'டெர்மினேட்டர்' (1984) ஏறத்தாழ 64 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் வசூலித்தது. 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தின் செலவு சுமார் 10 கோடி டாலர், வசூல் 50 கோடிக்கு மேல். எது பெரிய வெற்றி? மொத்தத் தொகையைப் பார்த்தால் ஒரு பதில், மடங்கைப் பார்த்தால் வேறு பதில். எது நல்ல படம் என்பதற்கு இரண்டிலுமே பதில் இல்லை.

ட்ரெய்லரையும் கவனியுங்கள். அதே 'டெர்மினேட்டர் 2' தொடக்கத்தில், வந்த இருவரில் யார் காப்பாற்ற வந்தவன் என்று தெரியாதபடிதான் காட்சிகள் அமைக்கப்பட்டிருக்கும். விளம்பரமோ அதை முன்கூட்டியே போட்டு உடைத்துவிட்டது. 'திருப்பம் தெரிந்துதான் இருந்தது' என்று நாம் படத்தின் தலையில் கட்டும் பல குறைகள் விளம்பரத்தின் வேலை.

அப்புறம், இரண்டாம் பாகம் என்றாலே முதல் வெற்றியைப் பிழிந்து எடுத்தது என்ற முன்முடிவு. பெரும்பாலும் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் 'டை ஹார்ட் 2' வேறொரு எழுத்தாளரின், இந்தக் கதாபாத்திரத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு நாவலிலிருந்து வந்தது. இந்தோனேசியாவில் எடுக்கப்பட்ட 'தி ரெய்டு' (2011) கதை அதைவிட வேடிக்கை. இயக்குநர் கேரத் எவன்ஸ் முதலில் எழுதியது சிறையும் கும்பல்களுமாக விரியும் ஒரு பெரிய கதை. அதற்குப் பணம் திரளவில்லை. சரி, சின்னதாக ஒன்று எடுப்போம் என்று ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நடக்கிற படத்தை எடுத்தார். அது ஓடியதும் பழைய கதையைத் திருத்தி 2014-இல் இரண்டாம் பாகமாக்கினார். இரண்டரை மணி நேரம் ஓடும் அந்தப் படத்தைப் பார்த்து 'கட்டடத்துக்குள் இருந்ததைத் தேவையில்லாமல் ஊர் முழுக்க இழுத்துவிட்டார்கள்' என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இழுத்தது இரண்டாவதை அல்ல, சுருக்கியது முதலாவதை என்று பிறகுதான் தெரிந்தது. படம் நீளம் என்ற எண்ணம் மட்டும் எனக்கு இன்னும் மாறவில்லை.