ஆபீஸ் காலண்டரில் யார் எதைப் பார்க்கலாம்: செட்டிங்ஸை ஒரு தடவை உட்கார்ந்து சரிசெய்துவிடுங்கள்

ஒரு மீட்டிங் போடலாமா என்று உங்கள் காலண்டரைத் திறந்து பார்க்கும் சக ஊழியருக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்தான்: செவ்வாய்க்கிழமை மதியம் 3 மணிக்கு நீங்கள் கிடைப்பீர்களா, மாட்டீர்களா. ஏன் கிடைக்க மாட்டீர்கள் என்பது அவருக்குத் தேவையே இல்லை. ஆனால் பல ஆபீஸ்களில் அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டா, வேறு கம்பெனி இன்டர்வியூவா, யாருடைய வேலைக்கு ஆபத்து என்பது வரைக்கும் தெரிந்துவிடுகிறது. இதற்குப் பயந்து சிலர் காலண்டரில் எதையுமே போடாமல் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் எல்லா நேரமும் காலியாக இருப்பதாக நினைத்து ஆளாளுக்கு மீட்டிங் போடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். நேரத்தைக் காட்டிவிட்டு விவரத்தை மறைக்க கூகுள் காலண்டரிலும் அவுட்லுக்கிலும் நல்ல வசதி இருக்கிறது, அதை நாமாகப் போய்த் திறந்து சரியாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கூகுள். கம்ப்யூட்டர் பிரவுசரிலேயே திறங்கள், பகிர்வு ஆப்ஷன்கள் எல்லாம் அங்கேதான் ஒரே இடத்தில் இருக்கும். இடது பக்கம் ‘மை காலண்டர்ஸ்’ என்பதன் கீழ் உங்கள் பெயர் மேல் மவுஸை வைத்தால் மூன்று புள்ளிகள் தெரியும், அதை அழுத்தி ‘செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்’ போங்கள். அங்கே இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். மேலே இருப்பது பொதுவான அனுமதி: ஊருக்கே காட்டுவதா, உங்கள் நிறுவனத்துக்கு மட்டும் காட்டுவதா, காட்டினால் எவ்வளவு என்பது. ‘மேக் அவைலபிள் டு பப்ளிக்’ டிக் ஆகியிருந்தால், வேண்டுமென்றே போட்டதாக இருந்தாலொழிய, உடனே எடுத்துவிடுங்கள். நிறுவனத்துக்கு என்ற வரிசையில் ‘சீ ஒன்லி ஃப்ரீ/பிஸி’ என்பதை வையுங்கள். பலருக்கு இது முழு விவரமும் தெரிகிற மாதிரி இருக்கும், அப்படி வைத்தது நீங்களாக இல்லாமல் ஆபீஸ் கணக்குகளை நிர்வகிக்கும் உங்கள் அட்மினாகவும் இருக்கலாம்.

கீழே இருப்பது தனித்தனி ஆட்களின் பட்டியல். நான்கு படிகள் உண்டு: பிஸியா இல்லையா என்று மட்டும் பார்ப்பவர், எல்லா விவரமும் பார்ப்பவர், மாற்றம் செய்யக்கூடியவர், மாற்றம் செய்வதோடு வேறு ஆட்களுக்கும் பகிர்ந்துகொடுக்கக்கூடியவர். நான்காவது படியை யாருக்கும் சும்மா கொடுக்காதீர்கள். அது கிடைத்தவர் உங்களைக் கேட்காமலே இன்னொருவரை உள்ளே சேர்க்கலாம். நெருங்கி வேலை செய்யும் நான்கைந்து பேருக்கு விவரம் பார்க்கும் அனுமதி போதும். பட்டியலில் ஒரு குழு முகவரி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அந்தக் குழுவில் நாளைக்குச் சேரும் புது ஆளுக்கும் உங்கள் காலண்டர் தானாகத் திறந்துவிடும்.

அவுட்லுக்கில் பெயர்கள்தான் வேறு. காலண்டரை ஷேர் செய்யும் இடத்தில் பிஸி நேரம் மட்டும், தலைப்பும் இடமும், எல்லா விவரமும், திருத்தும் உரிமை, கடைசியாக ‘டெலிகேட்’ (உங்கள் சார்பில் காலண்டரைக் கவனித்துக்கொள்பவர்) என்று படிப்படியாக வரும். இதில் அந்த இரண்டாவது படியைப் பலர் பத்திரமானது என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தலைப்பு மட்டும்தானே தெரியும் என்று தோன்றும், ஆனால் நிறைய மீட்டிங்குகளில் ரகசியம் முழுக்கத் தலைப்பிலேயேதான் இருக்கிறது. ‘மை ஆர்கனைசேஷன்’ வரிசையைப் பிஸி மட்டும் என்ற படியிலேயே விடுங்கள்.

‘பிரைவேட்’ என்பதை எவ்வளவு நம்பலாம்

இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். காலண்டர் முழுவதற்கும் ஒரு செட்டிங் இருப்பது போலவே ஒவ்வொரு மீட்டிங்குக்கும் தனியாக ஒன்று உண்டு. கூகுளில் மீட்டிங்கைத் திருத்தும் பக்கத்தில் ‘டிஃபால்ட் விசிபிலிட்டி’, ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்று மூன்று இருக்கும். டிஃபால்ட் என்றால் காலண்டருக்கு என்ன வைத்தீர்களோ அதுவே. ‘பப்ளிக்’ என்று மாற்றினால், பிஸி மட்டும் பார்க்கும் அனுமதி உள்ளவருக்கும் அந்த ஒரு மீட்டிங்கின் விவரம் தெரியும். ‘பிரைவேட்’ போட்டால், விவரம் பார்க்கும் அனுமதி உள்ளவருக்கும் வெறும் ‘பிஸி’ என்றுதான் தெரியும். ஆனால் திருத்தும் உரிமை கொடுத்திருக்கிறீர்களே, அவர்கள் பிரைவேட் மீட்டிங்கையும் முழுதாகப் பார்ப்பார்கள். அதில் அழைக்கப்பட்டவர்களும் பார்ப்பார்கள்.

அவுட்லுக்கில் பூட்டுப் படத்தோடு வரும் ‘பிரைவேட்’ இன்னும் கொஞ்சம் பலவீனமானது. உங்கள் காலண்டரைப் படிக்கும் உரிமை உள்ளவர் வேறொரு மென்பொருள் வழியாகத் திறந்தால் அந்த விவரம் தெரிய வாய்ப்புண்டு என்று மைக்ரோசாஃப்டே எச்சரித்திருக்கிறது, உண்மையிலேயே மறைக்க வேண்டியதாக இருந்தால் அந்த ஆளுக்குப் படிக்கும் உரிமையே கொடுக்காதீர்கள் என்பதுதான் அவர்கள் சொல்லும் வழி. டெலிகேட் போடும்போது பிரைவேட் விஷயங்களை அவர் பார்க்கலாமா என்று தனியாக ஒரு டிக் கேட்கும், யோசித்துப் போடுங்கள்.

‘பிரைவேட்’ வேறு, ‘பிஸி’ வேறு என்பதையும் மனதில் வையுங்கள். காலண்டர் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஐகேலண்டர் என்ற பொது வடிவத்திலேயே (இப்போதைய வரையறை 2009-ல் வந்தது) இவை இரண்டு தனித்தனிக் குறிப்புகள்: ஒன்று விவரம் யாருக்குத் தெரியலாம் என்பதற்கு, மற்றது அந்த நேரம் நிரம்பியதா காலியா என்பதற்கு. பிரைவேட் என்று போட்டுவிட்டு ‘ஃப்ரீ’ என்று விட்டால் விவரம் மறைந்திருக்கும், ஆனால் அதே நேரத்தில் இன்னொருவர் மீட்டிங் போட்டுவிடுவார். நாள் முழுக்க என்று போடும் குறிப்புகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அவை வழக்கமாக ஃப்ரீ என்றே விழும்.

தலைப்பை எப்படி எழுதுவது

எந்த செட்டிங்கையும் விட இது அதிகம் காப்பாற்றும். மீட்டிங்கை நீங்கள் உங்கள் காலண்டரில் எவ்வளவு பூட்டி வைத்தாலும், அழைக்கப்பட்ட ஆறு பேரின் காலண்டரிலும் அது உட்கார்ந்திருக்கும், அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் காலண்டரை யார் யாருக்குத் திறந்து வைத்திருக்கிறார்களோ நமக்குத் தெரியாது. ஈமெயிலில் வரும் அழைப்பின் தலைப்பு போன் திரையில் நோட்டிஃபிகேஷனாக மேலெழும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் படிப்பார். மீட்டிங் ரூமுக்கும் ஒரு காலண்டர் உண்டு, சில ஆபீஸ்களில் அது கதவுக்கு வெளியே ஒரு திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘கவிதாவின் பெர்ஃபார்மன்ஸ் பிரச்சினை’ என்று ஒரு மேனேஜர் தலைப்பு வைத்தால், கவிதா அதைத் தெரிந்துகொள்வது மேனேஜர் வாயிலிருந்து இருக்காது, அந்தத் திரையிலிருந்துதான். ‘வாராந்திரப் பேச்சு’ என்று எழுதினால் போதும், பேச வேண்டியது பேசுகிறவர்களுக்குத் தெரியும். ஆட்குறைப்பு, சம்பளம், புகார், உடல்நலம் இந்த நான்கும் தலைப்பிலோ விளக்கத்திலோ வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிறருடைய வாழ்க்கை சம்பந்தப்பட்ட விஷயத்தில் நாம் சோம்பல்பட உரிமையில்லை.

அழைப்பு அனுப்பும்போது இன்னும் இரண்டைப் பாருங்கள். கூகுளில் விருந்தினர் பட்டியலுக்குக் கீழே, அவர்கள் மீட்டிங்கை மாற்றலாமா, வேறு ஆட்களை அழைக்கலாமா, மற்ற விருந்தினர்களைப் பார்க்கலாமா என்று மூன்று டிக்குகள் உண்டு. அவுட்லுக்கிலும் ஃபார்வர்ட் செய்வதைத் தடுக்கவும் பட்டியலை மறைக்கவும் முடியும். வெளி ஆட்கள் பல பேரை ஒரே அழைப்பில் சேர்க்கும்போது பட்டியலை மறைத்துவிடுங்கள், ஒருவரின் ஈமெயில் முகவரி மற்றவருக்குப் போக வேண்டியதில்லை.

மறந்துபோன லிங்க்குகள்

பட்டியலில் ஆட்களையெல்லாம் சரிசெய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, எப்போதோ உருவாக்கிய ஒரு லிங்க் வழியாக மொத்தமும் வெளியே போய்க்கொண்டிருக்கலாம். கூகுளில் அதே செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் ‘சீக்ரெட் அட்ரஸ்’ என்று ஒன்று இருக்கும். அதற்கு பாஸ்வேர்டெல்லாம் கிடையாது, கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் எல்லா மீட்டிங்கையும் படிக்கலாம். அதை எந்த ஆப்பிலாவது ஒட்டியது நினைவிருந்து, இப்போது அது தேவையில்லை என்றால், பக்கத்தில் உள்ள ‘ரீசெட்’ அழுத்துங்கள், பழைய லிங்க் செத்துவிடும். அவுட்லுக்கில் செட்டிங்ஸ், காலண்டர், ‘ஷேர்ட் காலண்டர்ஸ்’ என்று போனால் ‘பப்ளிஷ்’ செய்த லிங்க்குகள் தெரியும், அங்கேயே நிறுத்தலாம். அப்புறம் மீட்டிங் நேரம் பிடித்துத் தரும் ஆப், குறிப்பெடுக்கும் ஆப் என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுத்திருப்போம். அவை காலண்டர் செட்டிங்ஸில் தெரியாது, உங்கள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் வெளி ஆப்கள் என்ற பட்டியலில் இருக்கும். பயன்படுத்தாததை நீக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். காலண்டரின் பொது லிங்க்கை இன்காக்னிட்டோ ஜன்னலில் (உங்கள் கணக்கில் லாகின் ஆகாத தனி ஜன்னல்) திறந்தால் எதுவும் தெரியக் கூடாது. உங்கள் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு சக ஊழியரிடம், அவர் பக்கத்தில் உங்கள் பெயரைத் தேடி என்ன தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். டீம் மாறும்போதும், ஒரு பிராஜெக்ட் முடியும்போதும் பட்டியலை மறுபடி திறந்து பழைய பெயர்களை எடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் எந்த செட்டிங்கிலும் மாறாது: ஆபீஸ் கணக்கு ஆபீஸுடையது. அட்மினுக்கு அதற்குள் போக வழி இருக்கிறது, நீங்கள் வேலையை விட்டாலும் அந்தக் காலண்டர் ஆபீஸின் கையில்தான் இருக்கும். அதனால் மருத்துவம், குடும்பம், அடுத்த வேலை தேடுவது இவற்றையெல்லாம் உங்கள் சொந்தக் கணக்கின் காலண்டரில் முழு விவரத்தோடு போட்டுக்கொண்டு, ஆபீஸ் காலண்டரில் அதே நேரத்துக்குத் தலைப்பு ‘பிஸி’, விசிபிலிட்டி ‘பிரைவேட்’ என்று ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் போடுங்கள். இரண்டு கணக்கையும் போனில் சேர்த்துவிட்டால் உங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே திரையில்தான் தெரியும்.