உபுட்டில் தங்கப் போகிறீர்களா? கொங்குப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் ஏறி, சிங்கப்பூரில் விமானம் மாறினால் பாலி. புதுசாகக் கல்யாணமான ஜோடிகள், கோடை விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்கள், டீலர்களைக் கூட்டிப்போகும் கம்பெனிகள் என்று நம்ம பக்கத்திலிருந்து நிறையப் பேர் போய் வருகிறார்கள். தீவின் உள்பகுதியில் இருக்கும் உபுட் எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேட்டால், குரங்கு, ஊஞ்சல், படிப்படியாக ஒரு வயல் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடலோரத்துக் குட்டாவில் அறை எடுத்து, உபுட்டை ஒரே பகலில் பார்த்துத் திரும்புவதுதான் காரணம். பெரும்பாலான பேக்கேஜ்கள் அப்படித்தான் போடுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து உபுட் 35 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் நெரிசலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பதினோரு மணிக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு வெயிலும் கூட்டமும்தான் மிச்சம். அந்த ஊரின் உயிர் காலையிலும் இருட்டிய பிறகும் இருக்கிறது. விடிகாலையில் வீட்டுப் பெண்கள் வாசலில் படையல் வைப்பதும், இரவு ஏழரைக்கு அரண்மனை முற்றத்தில் கேமலான் இசையோடு லேகோங் ஆட்டம் தொடங்குவதும் பகலில் வந்து திரும்புகிறவர்கள் கண்ணில் படாது. குறைந்தது மூன்று இரவு தங்குங்கள்.

அறை எடுக்கும்போது "உபுட்" என்ற பெயரை மட்டும் நம்பக்கூடாது. பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள தெகல்லாலாங், பாயாங்கான் பக்கத்து விடுதிகளும் அதே பெயரில்தான் விற்கின்றன. அங்கே போய்விட்டால் சாப்பிட வெளியே வருவதற்குக்கூட வண்டி பிடிக்க வேண்டும். குரங்குக் காட்டுக்குத் தெற்கே உள்ள ஞ்யூ குனிங், மேற்கே உள்ள பெனஸ்தானான் இரண்டும் நடந்தே ஊருக்குள் வரக்கூடிய அமைதியான கிராமங்கள். பெனஸ்தானானில் சில விடுதிகளுக்குப் படிக்கட்டு ஏறித்தான் போக முடியும். பெரியவர்களைக் கூட்டிப்போனால் கார் வாசல்வரை வருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நீச்சல் குளம் வைத்த வில்லாவைவிட ஒரு குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேதான் நல்லது. சுற்றுச்சுவருக்குள் தனித்தனிக் கட்டடங்களும் மூலையில் குடும்பக் கோயிலுமாக, பாலி வீட்டின் அமைப்பு அங்கே தங்கினால்தான் புரியும்.

"நம்ம சாமிதானுங்க, உள்ள போலாமுங்க" என்று நம்மவர்கள் சட்டென்று சொல்லிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அவர்களும் இந்துக்கள், சிவனையும் விஷ்ணுவையும் கும்பிடுகிறவர்கள், எல்லாம் சரி. ஆனால் கோயில் நடைமுறை வேறு. பாலிக் கோயிலில் நாம் தேடும் கருவறையும் மூலவரும் இருக்காது. திறந்தவெளி முற்றங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், உள்முற்றம் வழிபட வந்தவர்களுக்கு மட்டும். பெரும்பாலும் 210 நாளைக்கு ஒருமுறை வரும் கோயில் திருவிழாவில் தெய்வங்கள் இறங்கி வருவதாக நம்பிக்கை. அதனால் மற்ற நாளில் ஆளில்லாமல் கிடக்கிற கோயிலைப் பார்த்துவிட்டு, கவனிப்பாரில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இடுப்பில் சாரோங்கும் அதன்மேல் ஒரு கச்சையும் கட்டாமல் போகக்கூடாது. நம் வேட்டி, சேலை இருந்தாலும் கச்சை வேண்டும். மாதவிலக்கு நாட்களிலும் துக்க வீட்டுத் தீட்டிலும் உள்ளே போவதில்லை. கும்பிடுகிறவர்களுக்கு முன்னால் குறுக்கே நின்று படம் எடுப்பதும், பூசாரி தரையில் உட்கார்ந்திருக்க நாம் உயரத்தில் ஏறி நிற்பதும் மரியாதைக்குறைவு.

தம்பாக்சிரிங் என்னும் ஊரில் உள்ள திர்த்தா எம்புல் இதற்கு நல்ல உதாரணம். கி.பி. 962 முதல் இருக்கும் ஊற்றுக் கோயில் அது. குளத்தில் வரிசையாக நீர் கொட்டும் ஒவ்வொரு வாயின் முன்னாலும் நின்று வேண்டிக்கொண்டு தலையை நனைத்து நகர்வார்கள். அந்த வரிசையில் இரண்டு வாய்கள் இறந்தவர்களுக்கான சடங்குக்கு உரியவை. அது தெரியாமல் நம்மவர்கள் அதிலும் தலையைக் கொடுத்துக்கொண்டு ரீல்ஸ் எடுக்கிறார்கள். முன்னால் போகும் பாலிக்காரரைப் பார்த்துச் செய்யுங்கள், அல்லது வேண்டுதல் இல்லையென்றால் கரையில் நின்று பாருங்கள். யானைக் குகை எனப்படும் கோவா கஜாவுக்குள் பிள்ளையாரும் மூன்று லிங்கங்களும் இருக்கின்றன. நம் மக்களுக்கு நெருக்கமான இடம், வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

தெருவில் நடக்கும்போது கீழே பார்த்து நடக்க வேண்டும். தென்னங்குருத்தில் பின்னிய கையகலத் தட்டு ஒன்று படியிலோ கடை வாசலிலோ இருக்கும். கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள் என்று திசைக்கொரு நிறத்தில் பூ, மேலே புகையும் ஊதுபத்தி, சில சமயம் ஒரு பிஸ்கட். அதுதான் சானாங் சாரி, தினப்படையல். ஊதுபத்தி எரியும்போது தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள்.

வயலுக்கு வருவோம். தெகல்லாலாங்கில் போட்டோ எடுத்துவிட்டு யுனெஸ்கோ வயலைப் பார்த்தாயிற்று என்கிறார்கள். 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது சுபக் என்னும் பாசன முறை. அந்தப் பட்டியலில் மேற்கே உள்ள ஜாத்திலுவியும் பாக்கெரிசான் ஆற்றுப் படுகையும் இருக்கின்றன, தெகல்லாலாங் இல்லை. கீழ்பவானிப் பாசனத்தில் ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்குத் தண்ணீர், அடுத்த போகம் இரட்டைப்படை மதகுக்கு என்று மாறி மாறி விடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு சுபக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் கட்டையை உட்கார்ந்து பாருங்கள். ஒரே ஆழத்தில், வெவ்வேறு அகலத்தில் பள்ளம் வெட்டியிருக்கும். யாருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு அகலம். தண்ணீர் குறைந்தாலும் பங்கு மாறாது. இப்போது பல இடங்களில் அது சிமெண்டில் இருக்கிறது. எப்போது நாற்று விடுவது, யாருக்கு முதலில் தண்ணீர் என்பதையெல்லாம் விவசாயிகளே கூடி முடிவு செய்கிறார்கள், வயலிலேயே அதற்கொரு கோயிலும் உண்டு. அண்டை வெட்டிய ஈர வரப்பில் மிதிக்கக்கூடாது என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, ஆனால் போட்டோ மும்முரத்தில் மறந்துவிடுகிறோம். வரப்பைக் கடக்க விவசாயி சிறு காசு கேட்டால் சண்டை போடாமல் கொடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "காய்கறி" என்று சொன்னால் போதாது. தெராசி என்கிற இறால் விழுது பல குழம்பிலும் சட்னியிலும் இருக்கும். "தன்பா தெராசி, தன்பா இகான், தன்பா டாகிங்" என்று சொல்லுங்கள்: இறால் விழுது, மீன், கறி மூன்றும் வேண்டாம். சோயாவில் செய்யும் டெம்பேயும் டோஃபுவும் எங்கும் கிடைக்கும். புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையில் போடும் லுவாக் காபிக்கு ஓட்டுநர் வண்டியை நிறுத்தினால் மறுத்துவிடுங்கள். அந்தப் பூனையைக் கூண்டில் அடைத்து வைக்கும் தொழிலுக்கு நம் பணம் போகக்கூடாது.

குரங்குக் காட்டில் கண்ணாடி, பாட்டில், தின்பண்டம் எல்லாவற்றையும் பைக்குள் வையுங்கள். குரங்கோ நாயோ கடித்தால், பிறாண்டினால், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2008 முதல் பாலியில் ரேபிஸ் இருக்கிறது. ஸ்கூட்டர் எடுப்பதானால் ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் இருசக்கர வாகனத்துக்கும் சேர்த்துப் பன்னாட்டு உரிமம் வாங்குங்கள், இல்லாவிட்டால் விபத்தில் காப்பீடு கைகொடுக்காது. விசாவுக்கு இந்தோனேசியப் பணத்தில் 5 லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரி 14 முதல் சுற்றுலா வரி 1.5 லட்சம் ரூபியா. இரண்டையும் ஆன்லைனில் முன்பே கட்டிவிடலாம்.

கடைசியாகக் காலம். தை, மாசி முகூர்த்தம் முடிந்து அப்படியே கிளம்பும் ஜோடிகள் சரியாக மழைக்காலத்தில் போய் இறங்குகிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழை, மலைப்பக்கமான உபுட்டில் இன்னும் அதிகம். பெரும்பாலும் மார்ச்சில் ஞெப்பி என்னும் மௌன நாளும் வரும். காலை ஆறிலிருந்து மறுநாள் ஆறுவரை விமான நிலையமே மூடியிருக்கும், சுற்றுலாப் பயணிகளும் விடுதி வாசலைத் தாண்டக்கூடாது. டிக்கெட் போடும் முன் அந்த வருடத் தேதியைப் பாருங்கள். அந்தச் சமயத்தில்தான் போக முடியும் என்றால் முந்தைய நாளே உபுட்டில் இருங்கள். அன்று மாலை ஓகோ-ஓகோ என்னும் பூத உருவங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு இளவட்டங்கள் ஊர்வலம் வருவார்கள்.