சடுகுடு களம்: அளந்து கோடு போடும் முறை

அந்தக் காலத்துச் சடுகுடுவுக்கு ஆற்று மணலில் குதிகாலால் இழுத்த நடுக்கோடு ஒன்றே போதும். மற்ற கோடுகள் பின்னால் வந்தவை. வங்காளத்தில் ஹாடுடு, மராட்டியத்தில் ஹுதுது என்று ஊருக்கொரு விதியாக ஆடிய ஆட்டம் அது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது மராட்டியத்து அமராவதிக் குழு ஒன்று அதை ஆடிக் காட்டியது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்கான ஆட்டமாகச் சேர்ந்தது. (அபிமன்யுதான் முதல் ரைடர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போனவர், என்பது மேடையில் சொல்ல நல்ல கதை, அவ்வளவுதான்.)

முதலில் மண். கல்லும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கி, கொத்தி, சலித்த எருவும் மரத்தூளும் கலந்து நிரவுங்கள். முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்துவிட வேண்டும். காலையில் தெளித்தால் வழுக்கும்; தெளிக்காமலே விட்டால் முட்டித்தோல் உரியும்.

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நான்கு மூலையிலும் முளை அடித்து, குறுக்கே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் 16.40 மீட்டர் வந்தால்தான் களத்தின் மூலைகள் செங்கோணமாக நிற்கின்றன என்று அர்த்தம். நைலான் கயிற்றால் அளக்காதீர்கள், இழுக்க இழுக்க நீளும், டேப்தான் சரி. கோட்டின் தடிமன் 5 செ.மீ. வரை இருக்கலாம். அது களத்தோடு சேர்ந்தது என்பதால் அளவுக்கு உள்பக்கமாகவே போட வேண்டும்.

6.5 மீட்டரில் நடுக்கோடு. இரு பக்கவாட்டிலும் 1 மீட்டர் உள்ளே தள்ளி லாபிக் கோடு; அதற்கு வெளியே இருக்கும் ஓரப்பட்டைதான் லாபி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் லைன் (ரைடர் தாண்ட வேண்டிய கோடு), அதிலிருந்து 1 மீட்டரில் போனஸ் லைன் (கூடுதல் புள்ளிக்கான கோடு). கடைசிக் கோட்டுக்கு மிச்சம் 1.75 மீட்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எங்கோ பிசகு. பலர் செய்யும் தப்பு, பால்க் லைனையும் போனஸ் லைனையும் லாபிக்குள்ளும் இழுத்துவிடுவது. லாபிக்கு லாபி 8 மீட்டர்தான் அவற்றின் நீளம்.

சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். வியர்வையில் பட்டால் எரியும், கண்ணில் விழுந்தால் ஆபத்து. கோலமாவு போதும்.

கடைசிக் கோட்டுக்கு 2 மீட்டர் பின்னால் 1 மீட்டருக்கு 8 மீட்டர் உட்காரும் கட்டம். இதை வெறும் பெஞ்சு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பழைய காமினி முறையில் அவுட்டானவர், அணி முழுக்க விழும்வரை வெளியேதான். இன்றைய விதி சஞ்சீவனி முறையின் வாரிசு: எதிரணியில் ஒருவர் விழுந்தால் நம்மவர் ஒருவர் உயிர்த்து வருவார், அதுவும் அவுட்டான வரிசைப்படி. கட்டம் இல்லாவிட்டால் வரிசை குழம்பி, சண்டை நடுவரிடம் வந்து நிற்கும்.

பெண்களுக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர், குறுக்களவு 14.42 மீட்டர், பால்க் லைன் 3 மீட்டரில்.

ஆட்டம் தொடங்குமுன் முளைகளை எண்ணிப் பிடுங்குங்கள். மறந்த ஒன்று யாருடைய கணுக்காலையாவது பதம் பார்க்கும்.